இறங்க மறுக்கும் கோடு

பள்ளி வேதியியலில் அதிகச் செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. சோதனைக்குழாயில் நாப்தலீனைப் போட்டுச் சுடுநீரில் வைத்து உருக்குவார்கள். பிறகு குழாயை வெளியே எடுத்து, அரை நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பநிலையைக் குறிப்பார்கள். வரைபடத்தாளில் அந்தப் புள்ளிகளை இணைத்தால் குளிர்தல் வளைகோடு கிடைத்துவிடும்.

90 டிகிரி செல்சியஸிலிருந்து கோடு மளமளவென்று இறங்கும். 80-ஐ ஒட்டி வந்ததும் நின்றுவிடும். மாணவர்கள் அலுத்துப்போவது இங்கேதான். சோதனையின் உயிரும் இங்கேதான். குழாயிலிருந்து வெப்பம் வெளியேறிக்கொண்டே இருக்கிறது. ஆனால் திரவம் திடமாகையில் துகள்கள் ஒன்றோடொன்று பிணைந்து ஆற்றலை வெளிவிடுகின்றன. இழப்பை அது ஈடுகட்டுகிறது. கடைசித் துளி உறையும்வரை இந்தக் கணக்கு நடக்கும்.

1760-களில் கிளாஸ்கோவில் ஜோசப் பிளாக் இதை அளந்து பார்த்தார். ஒரு குடுவையில் பனிக்கட்டி. இன்னொன்றில் அதே எடையுள்ள, உறைநிலையை ஒட்டிக் குளிர்ந்த நீர். அறைக்காற்றில் நீர் அரைமணி நேரத்தில் எட்டிய வெப்பநிலையைப் பனிக்கட்டி உருகி எட்டுவதற்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. வெப்பநிலையை ஏற்றாமல், உருக்குவதற்கே செலவான வெப்பத்துக்கு உள்ளுறை வெப்பம் என்று பெயர்.

கொதிக்கும்போது இது இன்னும் பெரிது. ஒரு கிராம் நீரை 0-விலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுவர ஏறத்தாழ 418 ஜூல் போதும். அதை ஆவியாக்க 2260 ஜூல் வேண்டும். இட்லித் தட்டில் ஆவி படிந்து நீராகும்போது, அவ்வளவையும் மாவில் இறக்கிவிடுகிறது. ஆவி பட்ட காயம் கொதிநீர்க் காயத்தைவிடக் கடுமையாவதும் இதனால்தான்.

இனி குறையையும் சொல்லவேண்டும். குறை சோதனையில் இல்லை, அதைப் பாடநூலில் வரையும் விதத்தில் இருக்கிறது. அங்கே கோடு அளவுகோல் வைத்து இழுத்ததுபோல் நேராக இருக்கும். நிஜத்தில், முதல் படிகம் தோன்றும் முன் வெப்பநிலை உறைநிலைக்கும் கீழே சறுக்கி, சட்டென்று மேலேறும். கலப்படம் இருந்தால் கிடைக்கோடு சரிந்துபோகும். உலோகவியலாளர்களுக்கு இந்தச் சரிவே தடயம். 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு காரீயமும் சேர்ந்த சால்டர் ஏறத்தாழ 183 டிகிரியில் ஒரே மூச்சில் உறையும். காரீயம் கூடினால் உறைதல் அதற்கு மேலேயே தொடங்கி, கூழ்நிலையில் இழுத்துக்கொண்டு போகும்.

பள்ளியிலோ, பாடநூல் படத்துக்குப் பொருந்தாத அளவீடுகளை மாணவர்கள் அழித்துத் திருத்துகிறார்கள். மதிப்பெண் அதற்குத்தான் கிடைக்கிறது. உணரியும் கணினியும் வைத்து வரைந்தால் சறுக்கல் தெளிவாகவே பதிவாகும். ஆனாலும் முதல்முறை கையால் வரைவதையே நான் பரிந்துரைப்பேன். ஏழெட்டு முறை அதே எண்ணை எழுதும் கைதான் 'ஏன்?' என்று கேட்கும்.

ஆசிரியர்களே, கோணலான கோட்டுக்கு மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள். எந்த நிமிடத்தில், எதனால் கோணியது என்று கேளுங்கள். சரியான பதிலுக்கு முழு மதிப்பெண் கொடுங்கள்.