3 லட்சம் பேரில் நீங்கள் எங்கே?



"ஐஐஎம் கிடைக்குமா சார்?" இந்தப் பட்டமளிப்பு மேடையேறும் முன்பே மாணவர்கள் சிலர் கேட்டுவிட்டார்கள். எந்த ஐஐஎம் என்று திருப்பிக் கேட்டால் பதில் இல்லை. கோளாறு அங்கேதான்.

ஐஐஎம் சேர்க்கைக்கான கேட் நுழைவுத் தேர்வைச் சமீப ஆண்டுகளில் ஏறத்தாழ 3 லட்சம் பேர் எழுதுகிறார்கள். 99 பர்சென்டைல் என்றதும் நூற்றுக்கு 99 மதிப்பெண் என்று வீட்டில் நினைத்துக்கொள்கிறார்கள். அதுவல்ல, நூறு பேரில் 99 பேரை முந்திவிட்டீர்கள் என்று பொருள். அப்படி முந்தியும் உங்களுக்கு முன்னால் சுமார் 3,000 பேர் இருப்பார்கள். அகமதாபாத் ஐஐஎம்மின் முதன்மைப் படிப்பில் இடமோ 400 சொச்சம். அதற்காக மலைத்துப்போக வேண்டாம். அந்த 3,000 பேரும் ஒரே வரிசையில் நிற்பதில்லை.

ஒவ்வொரு ஐஐஎம்மும் யாரை எப்படி எடுப்போம் என்று ஆண்டுதோறும் எழுதியே வெளியிடுகிறது. கோச்சிங் சென்டர் நோட்டீஸை வரிவிடாமல் படிக்கிற நாம் அதைத் தொடுவதே இல்லை. பெங்களூரு உங்கள் பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணைக்கூடக் கணக்கில் சேர்க்கும். வேலை அனுபவமும் அங்கே எடுபடும். அகமதாபாத் பட்டதாரிகளைப் பாடவாரியாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவிலும் முன்னணியில் இருப்பவர்களுக்கு நேர்முகத் தேர்வு அழைப்புகளில் ஒரு பகுதியை ஒதுக்குகிறது. பி.காம். படித்தவருக்கு அங்கே முதல் போட்டி இன்னொரு பி.காம்.தான், பொறியாளர் அல்ல. பெண்களுக்குச் சில ஐஐஎம்கள் கூடுதல் மதிப்பெண் தருகின்றன. இட ஒதுக்கீட்டில் வருபவர்களுக்குக் கட்-ஆஃப் வேறு. ஆனால் பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழை மத்திய அரசுப் படிவத்தில் வாங்கி வையுங்கள். நாம் பள்ளியில் கொடுத்த சான்றிதழ் அங்கே செல்லாது. தாலுகா அலுவலகத்துக்குக் கடைசி வாரத்தில் ஓடாதீர்கள்.

ஐஐஎம்கள் வெளியிடும் அந்தத் தேர்வுக் கணக்கில் உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள். பத்தாம் வகுப்பு மார்க்கை இனி யாராலும் மாற்ற முடியாது. அது குறைவா? அதற்கு எடை அதிகம் கொடுக்கும் இடத்தைப் பட்டியலின் அடியில் தள்ளுங்கள். கேட் மார்க் எவ்வளவு வரும் என்று ஊகிக்கும்போது, மாக் டெஸ்ட்களில் வாங்கிய ஆகச் சிறந்த மார்க்கை எடுத்துக்கொள்ளக் கூடாது. அது அதிர்ஷ்ட நாளின் மார்க். எல்லாவற்றையும் வரிசைப்படுத்தி நடுவில் இருப்பதை எடுங்கள். கேட் தேர்வின் மூன்று பகுதிகளுக்கும் தனித்தனிக் கட்-ஆஃப் உண்டு என்பதால், கணக்கில் புலியாக இருந்து ஆங்கிலத்தில் சறுக்கினாலும் அழைப்பு வராது.

பிறகு நேர்முகத் தேர்வு. சேலம் பக்கத்துப் பெண் ஒருத்தி, அப்பாவுக்கு ஜவ்வரிசி ஆலை. ஒத்திகையில் "தலைமைப் பண்பு" பற்றி மனப்பாடமாக ஒப்பித்தாள், கேட்கவே முடியவில்லை. ஆலைக்கு வாங்கும் மரவள்ளிக் கிழங்கின் விலையை எப்படி முடிவு செய்வீர்கள் என்றேன். மரவள்ளியில் மாவுச்சத்து எத்தனை பாயிண்ட் என்று பார்த்து, பாயிண்டுக்கு இவ்வளவு என்று பேசுவோம். மழை பெய்தால் பாயிண்ட் இறங்கும், விவசாயியோடு தகராறு வரும் என்று கடகடவென்று சொன்னாள். அவள் கையில் இருந்த நல்ல சரக்கைப் பற்றி விண்ணப்பத்தில் ஒரு வரிகூட இல்லை.

பெற்றோர்களுக்கு ஒன்று. அகமதாபாத் இல்லையென்றால் ஒன்றுமில்லை என்று பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள். 2011-இல் தொடங்கிய ஐஐஎம் திருச்சியிலேயே இருக்கிறது. அதன் கணக்கையும் இன்றிரவு ஒருமுறை போட்டுப் பாருங்கள். கேட் மதிப்பெண் அந்த ஓர் ஆண்டுச் சேர்க்கைக்குத்தான் செல்லும். இந்த முறை எதுவும் கிடைக்காவிட்டாலும் அடுத்த நவம்பரில் மறுபடி எழுதலாம்.