பலகை மாறினால் உரிமம் என்னாகும்?

செஞ்சியை அடுத்த தொண்டூரில் ஒரு மாணவர் தம் கணினியின் பழுதுற்ற தாய்ப்பலகையை மாற்றுகிறார் என்று கொள்வோம். வன்தட்டும் கோப்புகளும் பழையனவே. ஆயினும் விண்டோஸ் உரிமச் சான்று கேட்கும். 2001-இல் விண்டோஸ் எக்ஸ்பியோடு வந்த ஏற்பாடு இது. உறுப்புகளைக் கொண்டு கணினிக்கு ஓர் அடையாளம் கணித்து, உரிமத்தை அதனோடு பிணைக்கிறார்கள். நினைவகத்தைக் கூட்டினால் பெரும்பாலும் தொல்லையில்லை. தாய்ப்பலகை மாறினாலோ, அது வேறு கணினியாகவே எண்ணப்படும். இதை அநீதியென்று நான் சொல்லேன்; நாம் வாங்குவது பொருளன்று, பயன்படுத்தும் இசைவே. ஆனால் இசைவிலும் வகையுண்டு. கணினியோடு வந்த உரிமம் அதனோடே முடியும். தனியே வாங்கியதைப் புதுக் கணினிக்கு மாற்றலாம். விண்டோஸ் 10, 11 வைத்திருப்போர் பலகையை மாற்றுமுன்பே உரிமத்தை மைக்ரோசாப்ட் கணக்கோடு இணைத்துவிடுக. சென்னையில் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸோ, பலகை மாறினும் சான்று கேட்பதில்லை.