டாக்டரும் இஞ்சினீயரும்



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம், டாக்டர்களும் இஞ்சினீயர்களும் ஒரு சங்கமாகக் கூடி உட்கார்ந்தால் என்ன காரியம் நடக்கும் என்பதாகும். இதைக் கேட்டவுடன், "இது பெரிய படிப்புப் படித்தவர்கள் சமாச்சாரம், ஏர் பிடிக்கிறவனுக்கும் கடை வைத்திருக்கிறவனுக்கும் இதில் என்ன இருக்கிறது?" என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். இருக்கிறது, தோழர்களே! உங்கள் தெருவிலேயே, மார்புத் தோலுக்கு அடியில் ஒரு சிறு யந்திரத்தை வைத்துத் தைத்துக்கொண்டு, காலையில் எழுந்து கடைத்தெருவுக்கு நடந்து போகிற பெரியவர் ஒருவர் இருக்கக்கூடும். அந்த யந்திரத்திற்குப் பேஸ்மேக்கர் என்று பெயர். அது எப்படி வந்தது என்று பார்ப்போமானால், நான் சொல்ல வந்த சங்கதி அதிலேயே அடங்கியிருக்கிறது.

முதலில் நோயைச் சொல்லுகிறேன். நமது இருதயம் ஒரு பம்பு. அதற்கு மேல் அறைகள் இரண்டு, கீழ் அறைகள் இரண்டு. மேல் அறையில் ஓரிடத்தில் சிறு மின்சாரத் துடிப்பு உண்டாகி, அது கீழே இறங்கி வந்து, "சுருங்கு" என்று கீழ் அறைகளுக்கு உத்தரவு கொடுக்கிறது. நிமிஷத்திற்கு 72 தரம் என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு லட்சம் தரத்திற்கு மேல் இந்த உத்தரவு போக வேண்டும். சிலருக்கு நடுவழியில் உத்தரவு தடைப்பட்டுப் போகிறது. மேல் அறை ஒழுங்காகத் துடிக்கும். கீழ் அறைக்குச் சங்கதி எட்டாது. அது தன்னிஷ்டத்திற்கு நிமிஷத்திற்கு முப்பது, நாற்பது என்று துடிக்கும். சில வேளை சில விநாடி நின்றே போகும். மனிதன் நின்ற இடத்திலேயே மயங்கி விழுவான். எழுந்தால் உண்டு, எழாவிட்டால் இல்லை.

இப்படி விழுந்தவர்களைப் பற்றி நம் ஜனங்கள் என்ன சொன்னார்கள்? காற்று அடித்தது என்றார்கள். பேய் அறைந்தது என்றார்கள். ஒன்றும் தோன்றாவிட்டால் தலைவிதி என்று முடித்துவிட்டார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், டாக்டருக்கு நோயின் காரணம் தெரிந்த பிறகும் பல ஆண்டுகள் காரியத்தில் பெரிய வித்தியாசம் ஏற்பட்டுவிடவில்லை. ஏனென்றால், தடைப்பட்டது மின்சாரம். மின்சாரத்தைக் கட்டி ஆளத் தெரிந்தவன் இஞ்சினீயர். அவனுக்கோ இப்படி ஒரு நோய் உலகத்தில் இருப்பதே தெரியாது.

அமெரிக்காவில் நியூயார்க் மாகாணத்திலே பபலோ என்று ஓர் ஊர். அவ்வூரில் பிறந்தவர் வில்சன் கிரேட்பாட்ச் என்னும் மின்சார இஞ்சினீயர். இரண்டாவது உலக யுத்தத்தில் கடற்படையில் ரேடியோ வேலை பார்த்தவர். பிறகு கார்னெல் சர்வகலாசாலையில் படித்துக்கொண்டே, அங்கே ஒரு பிராணிகள் பண்ணையில் ஆடுகளின் இருதயத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் அளக்கும் கருவிகளைப் பொருத்தும் வேலை செய்தார். அந்தப் பண்ணைக்கு 1951-ல் ரண சிகிச்சை டாக்டர்கள் இருவர் ஆராய்ச்சிக்காக வந்திருந்தார்கள். மத்தியானச் சாப்பாட்டு வேளையில் அவர்களோடு உட்கார்ந்து பேசும்போதுதான், நான் மேலே சொன்ன நோயைப் பற்றி அவர் முதன்முதலாகக் கேள்விப்பட்டார். இதைச் சரிசெய்யலாமே என்று அப்பொழுதே அவருக்குத் தோன்றியது. ஆனால் அக்காலத்துக் கண்ணாடி வால்வுகளையும் கனத்த பாட்டரியையும் கொண்டு செய்தால், அந்த யந்திரத்தை மனிதன் உடம்புக்குள் வைக்க முடியாது. மனிதனைத்தான் யந்திரத்திற்குள் வைக்க வேண்டியிருக்கும்!

சில ஆண்டுகளுக்குப் பின் டிரான்சிஸ்டர் கைக்கு எட்டியது. கிரேட்பாட்ச் பபலோவில் ஆசிரியராக இருந்துகொண்டு, இருதய ஒலியைப் பதிவு செய்யும் கருவி ஒன்றைச் செய்து கொண்டிருந்தார். பெட்டியிலிருந்து ஒரு மின்தடையை எடுத்து மாட்டினார். அது தவறான அளவுள்ளது. வேண்டியதைவிட நூறு மடங்கு பெரியது. மாட்டியதும் அந்தச் சுற்று ஒரு தரம் துடித்தது, ஒரு விநாடி சும்மா இருந்தது, மறுபடி துடித்தது. இது இருதயம் துடிக்கிற மாதிரியல்லவா என்று பார்த்துக்கொண்டே இருந்துவிட்டாராம்.

இதைச் சொன்னால் சிலர், "பார்த்தீர்களா, தெய்வச் செயல்!" என்பார்கள். கிரேட்பாட்சே கடவுள் நம்பிக்கை உள்ளவர்தான்; அது அவரிஷ்டம். நான் கேட்பது ஒன்றுதான். பெட்டியிலிருந்து தவறான உறுப்பை எடுத்து மாட்டியவர்கள் உலகத்தில் எத்தனை ஆயிரம் பேர் இருப்பார்கள்? அவர்களெல்லாம் "சீ" என்று கழற்றிப் போட்டுவிட்டு வேறு மாட்டியிருப்பார்கள். இவருக்கு மட்டும் அது இருதயமாகத் தெரிந்தது எதனால்? பல வருஷங்களுக்கு முன்னால் இரண்டு டாக்டர்கள் சாப்பாட்டுக்கிடையில் சொன்ன சொல் மண்டைக்குள் கிடந்ததனால். அந்த இருவரும், "நீ ஆட்டுக்குக் கருவி கட்டுகிற பையன், உனக்கு ஏன் இந்தப் பேச்சு?" என்று எழுந்து போயிருந்தால் அந்தத் துடிப்பும் குப்பைக் கூடைக்குத்தான் போயிருக்கும்.

நிற்க, யந்திரம் ஒன்று செய்து மேஜைமேல் வைத்துவிட்டால் போதுமா? டாக்டர் வேண்டும், ஆஸ்பத்திரி வேண்டும், பரீட்சை பார்க்கப் பிராணி வேண்டும். கிரேட்பாட்ச் சில டாக்டர்களிடம் சொல்லிப் பார்த்தார். யாரும் காது கொடுக்கவில்லை. இந்த இடத்தில்தான் சங்கம் வருகிறது.

ரேடியோ இஞ்சினீயர்கள் கழகம் என்று ஒன்று அமெரிக்காவில் 1912 முதல் இருந்தது. 1963-ல் அது இன்னொரு கழகத்தோடு சேர்ந்து, இன்று ஐ.இ.இ.இ. என்ற பெயரில் நடக்கிறது. அக்கழகத்திற்குள் வைத்திய மின்னணுவியலுக்கென்று தனியாக ஒரு குழுவை 1952-ல் ஏற்படுத்தினார்கள். அதன் கிளை ஒன்று பபலோவில் அமைந்தது. உள்ளூர்க் கிளைகளில் உலகத்திலேயே அதுதான் முதலாவது என்று கிரேட்பாட்ச் எழுதியிருக்கிறார். மாதம் ஒரு கூட்டம். 25 பேர் முதல் 75 பேர் வரை வருவார்கள். அதில் அவர்கள் வைத்திருந்த இரண்டு வழக்கங்களை மட்டும் கவனியுங்கள். ஒன்று, கூட்டத்தில் டாக்டர்களும் இஞ்சினீயர்களும் சரிபாதியாக இருக்க வேண்டும் என்று பாடுபட்டார்கள். மற்றொன்று, கருவி சம்பந்தமாக எந்த டாக்டருக்குத் தொல்லை ஏற்பட்டாலும் சொல்லியனுப்பினால் போதும், இஞ்சினீயர்கள் சிலர் சேர்ந்து ஆஸ்பத்திரிக்கே வந்து உதவுவார்கள் என்று அறிவித்து வைத்திருந்தார்கள்.

சரிபாதி என்பது சின்ன விஷயமல்ல, தோழர்களே! இஞ்சினீயர்கள் எழுபது பேரும் டாக்டர் ஒருவரும் என்றிருந்தால் அது பிரசங்கம். டாக்டர்கள் எழுபது பேரும் இஞ்சினீயர் ஒருவரும் என்றிருந்தால், அந்த ஒருவன் விசிறி ரிப்பேர் செய்ய வந்தவன் கணக்குத்தான். இருவரும் சமமாக உட்கார்ந்தால்தான் ஒருவன் வாய்விட்டு, "எனக்கு இது தெரியாது, சொல்லு" என்று கேட்க முடியும். படித்தவன் வாயில் வருவதற்கு மிகவும் கஷ்டமான வார்த்தை அது. நம் நாட்டிலோ கேட்கவே வேண்டாம்! மூளையால் வேலை செய்கிறவன் மேல், கருவி பிடிக்கிறவன் கீழ் என்று பழக்கிவிட்ட நாட்டில், அந்த வார்த்தை சுலபத்தில் வருமா?

அந்த வழக்கப்படி ஒரு நாள் இஞ்சினீயர்கள் சிலர் பபலோவிலுள்ள பழைய ராணுவ வீரர்களுக்கான ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அங்கே ரண சிகிச்சைத் தலைவர் டாக்டர் வில்லியம் சார்டாக். ரத்தத்திலுள்ள பிராணவாயுவை அளக்கும் கருவி அவருக்குத் தகராறு கொடுத்துக் கொண்டிருந்தது. போனவர்களில் கிரேட்பாட்சும் ஒருவர். கருவி விஷயத்தில் அவர்களால் பெரிய உதவி ஒன்றும் செய்ய முடியவில்லை! ஆனால் வந்த இடத்தில் கிரேட்பாட்ச் தம்முடைய யோசனையை எடுத்துச் சொன்னார். சார்டாக் அறைக்குள் இரண்டு நடை நடந்து பார்த்துவிட்டு, உம்மால் இது முடியுமானால் வருஷத்திற்குப் பதினாயிரம் உயிரைக் காப்பாற்றலாம் என்ற கருத்தில் பதில் சொன்னார்.

மூன்று வாரம் கழித்து, 1958-ம் வருஷம் மே மாதம் 7-ந் தேதி, அந்த ஆஸ்பத்திரியின் பிராணிச் சாலையில் ஒரு நாயின் இருதயத்தில் இரண்டு கம்பிகளைத் தொடவைத்தார் சார்டாக். யந்திரம் சொன்ன தாளத்திற்கு இருதயம் துடித்தது.

இதோடு கதையை முடித்தால் கைதட்டிவிட்டுப் போய்விடுவீர்கள். உண்மையான வேலை அதற்குப் பிறகுதான். யந்திரத்தை மின்சார நாடாவால் சுற்றி உடம்பிற்குள் வைத்தார்கள். நான்கு மணி நேரத்திற்குள் உடம்பு நீர் உள்ளே புகுந்து கெடுத்துவிட்டது. உடம்புக்குள் வைப்பதென்பது உப்புத் தண்ணீரில் ஊறப்போடுவதற்குச் சமானம் என்று இஞ்சினீயருக்கு அப்பொழுதுதான் உறைத்தது. பிறகு எபாக்சி என்னும் பிசினுக்குள் வார்த்து வைத்தார்கள். ஆயுள் மணிக் கணக்கிலிருந்து மாதக் கணக்குக்கு ஏறியது. அடுத்தபடியாகக் கம்பி. வருஷத்திற்கு மூன்றே முக்கால் கோடி தரம் வளைந்து நிமிர்ந்தால் எந்தக் கம்பிதான் தாங்கும்? முறிந்தது. அதற்குச் சுருள்வில் மாதிரியான கம்பியை அமைத்து வழி கண்டதில் முன்நின்றவர் யார் தெரியுமா? டாக்டர் சார்டாக்! உடம்பு நீர் யந்திரத்தைத் தின்னாமல் காப்பது எப்படி என்று இஞ்சினீயர் யோசிக்கிறார். கம்பி முறியாமல் இருப்பது எப்படி என்று டாக்டர் யோசிக்கிறார். எவன் வேலை எது என்ற வேலி எப்பொழுது பிடுங்கப்பட்டது என்று அவர்களுக்கே தெரிந்திராது.

கிரேட்பாட்ச் பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டார். கையிலிருந்தது 2,000 டாலர் சேமிப்பு. வீட்டுக்குப் பின்னாலிருந்த கொட்டகையில் தம் கையாலேயே 50 யந்திரங்கள் செய்தார். டிரான்சிஸ்டர்களைச் சோதிக்கும் வேலையில் அவர் மனைவி எலினாரும் கூட நின்றார். (இப்படிப்பட்ட அம்மையார்களின் பெயர் விருதுப் பத்திரத்தில் வருவதில்லை, நாமாவது சொல்லிவைப்போம்.) 40 யந்திரங்கள் பிராணிகளுக்கு, 10 மனிதர்களுக்கு. மனிதர்களுக்கு வைத்தது 1960-ல். முதலில் வைத்துக்கொண்டவர்களில் 77 வயதுக் கிழவர் ஒருவர் அதற்குப்பின் 18 மாதம் உயிரோடிருந்தார். அவ்வாண்டிலேயே சார்டாக்கும், உடன் உழைத்த டாக்டர் ஆண்ட்ரூ கேஜும், கிரேட்பாட்சும் மூவர் பெயரையும் போட்டு ரண சிகிச்சைப் பத்திரிகையில் கட்டுரை வெளியிட்டார்கள்.

உலகத்தில் மனிதனுக்குள் வைத்த முதல் யந்திரம் இதுதானா என்றால் அல்ல. சுவீடன் தேசத்தில் 1958 அக்டோபர் 8-ந் தேதியே ஓகே சென்னிங் என்ற டாக்டர், ரூனே எல்ம்க்விஸ்ட் செய்த யந்திரத்தை ஆர்னே லார்சன் என்பவருக்கு வைத்தார். அது சில மணி நேரமே ஓடியது. ஆனால் லார்சன் யந்திரத்தை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு, டாக்டரும் யந்திரம் செய்தவரும் காலமான பிறகும் இருந்து, 2001-ல் தம் 86-வது வயதில் காலமானார். மினியாபொலிஸ் நகரத்திலும் இதே கதைதான். அங்கே மின்யந்திரம் சுவரிலுள்ள கரண்டில் ஓடியது. 1957 அக்டோபர் 31-ல் ஊரில் கரண்டு நின்று போயிற்று. உடனே லில்லஹை என்ற டாக்டர், ஆஸ்பத்திரிக் கருவிகளை ரிப்பேர் பார்த்துவந்த ஏர்ல் பக்கன் என்பவரிடம் பாட்டரியில் ஓடும் யந்திரம் கேட்டார். நான்கு வாரத்தில் வந்துவிட்டது. ரிப்பேர்காரரைத் தேடி ரண சிகிச்சை நிபுணர் பேசப் போனார் என்பதை நம்மூர்ப் பெரிய டாக்டர்கள் தயவுசெய்து கவனிக்க வேண்டும்.

இந்த இடத்தில் ஓர் ஆக்ஷேபணை வரலாம். "சுவீடனிலும் மினியாபொலிஸிலும் சங்கமில்லாமலே நடந்ததே, பிறகு சங்கம் எதற்கு?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அங்கெல்லாம் இருவரும் முன்பே ஒருவரையொருவர் அறிந்திருந்தார்கள். பபலோவில் அறிமுகமில்லாத இருவர் சந்தித்தார்கள். தெரிந்தவன் தயவில்லாதவனுக்கும் கதவு திறந்திருக்க வேண்டுமானால் சங்கம் வேண்டும். ஆஸ்பத்திரி வாசலில் போய், "எனக்கொரு யோசனை இருக்கிறது" என்று நின்றால் காவல்காரன் உள்ளே விடமாட்டான். சங்கத்தின் பெயரால் கருவியைச் சரிபார்க்கப் போனதனால்தான் கிரேட்பாட்ச் உள்ளே போக முடிந்தது.

நம் பக்கத்தில் இது நடக்கவே இல்லை என்று சொல்லுவதும் பொய்யாகும். திருவனந்தபுரத்து ஸ்ரீ சித்திரா திருநாள் நிலையத்தில் டாக்டர் வலியத்தான் தலைமையில் டாக்டர்களும் இஞ்சினீயர்களும் பல வருஷம் ஒரே கூரையின் கீழ் உழைத்து, மாதிரிகள் தோற்றுத் தோற்று, கடைசியில் சித்திரா இருதய வால்வைச் செய்து 1990 டிசம்பரில் ஒரு நோயாளிக்குப் பொருத்தினார்கள். அந்த நிலையமும் சென்னை ஐ.ஐ.டி.யும் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியும் கூடி, ஆஸ்பத்திரி இஞ்சினீயரிங்கிற்கென்று ஒரு மேற்படிப்பும் ஏற்படுத்தின. நல்ல காரியம். ஆனால் அது பெரிய இடங்களோடு நின்றுவிடலாமா? எத்தனையோ ஊர் ஆஸ்பத்திரிகளில் ஒரு யந்திரம் துணி போர்த்தி மூலையில் நிற்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். "ஏன் ஓடவில்லை?" என்றால், "கம்பெனி ஆள் வரவேண்டும்" என்பார்கள். அதே ஊரிலோ பக்கத்து ஊரிலோ ஓர் இஞ்சினீயரிங் கல்லூரி இருக்கும். நூற்றுக்கணக்கான பிள்ளைகள் பரீட்சைக்காகப் பொம்மை யந்திரம் செய்து மார்க்கு வாங்கிக் கொண்டிருப்பார்கள். இரண்டிற்கும் நடுவே தூரம் இரண்டு மைல். பஸ் கூட உண்டு. மாதத்திற்கொரு சாயங்காலம் அந்த டாக்டர்களையும் இந்த ஆசிரியர்களையும் சரிபாதியாக ஒரு பள்ளிக்கூடத்து அறையில் உட்காரவைக்க எவ்வளவு செலவாகும்? பெஞ்சும் டீயும்தான்!

இதைச் சர்க்கார் செய்யட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. இக்கூட்டத்திலேயே ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் தோழர்கள் இருக்கிறீர்கள். ரேடியோ, மோட்டார் வேலை தெரிந்த தோழர்களும் இருக்கிறீர்கள். கூட்டம் முடிந்ததும் அந்தத் தூணருகே நில்லுங்கள். பெயரும் ஊரும் எழுதிக்கொள்ளத் தோழர்கள் நோட்டுப் புத்தகத்தோடு இருக்கிறார்கள். முதல் கூட்டத்திற்கு எந்த ஆஸ்பத்திரியின் எந்த யந்திரத்தை எடுத்துக்கொள்ளலாம் என்பதையும் யோசித்துச் சொல்லுங்கள்.

என் பேச்சில் சந்தேகம் உள்ளவர்கள், ஆக்ஷேபணை உள்ளவர்கள், துண்டுச் சீட்டில் எழுதி மேடைக்கு அனுப்பலாம். தலைவர் அனுமதித்தால் எனக்குத் தெரிந்தவரை பதில் சொல்லுகிறேன்.