கலர் அப்புறம், முதல்ல உப்புத்தாள்

இந்த வாரம் கலர் பத்தி எதுவும் பேசப்போறதில்லை. கதவு, ஜன்னலுக்கு பெயின்ட் அடிக்கிறதுக்கு முன்னாடி நடக்கிற வேலை மட்டும்தான். தேய்க்கிறது, பிரைமர் அடிக்கிறது, பட்டி பார்க்கிறது. போர் அடிக்கும்னு தோணலாம். ஆனா மயிலாப்பூர்லயோ தி.நகர்லயோ ஒரு பழைய வீட்டுல இருக்கீங்க, வீட்டுல தவழுற வயசுல குழந்தை இருக்குன்னா, மொத்த பெயின்ட் வேலையிலயும் ஆபத்தான பகுதி இதுதான்.

காரணம், ஈயம். வீட்டு பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் இருக்கக் கூடாது, அதாவது பத்து லட்சத்தில் 90 பங்குதான், என்று மத்திய அரசு 2016-ல் விதி கொண்டுவந்தது. அது நடைமுறைக்கு வந்த நாள் 2017 நவம்பர் 1. அதற்கு முன்னால் இருந்ததெல்லாம் கம்பெனிகள் விரும்பினால் பின்பற்றலாம் என்கிற மாதிரியான தரநிலை. இவ்வளவு சமீபமான்னு எனக்கே ஆச்சரியம்தான். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1921-லயே, கட்டடத்துக்கு உள்ளே ஈய வெள்ளை பூசுறதைத் தடுக்கணும்னு ஒப்பந்தம் போட்டுடுச்சு. அமெரிக்காவுல 1978-ல வரம்பு வந்தது.

தி.நகர் உருவானது 1920-கள்ல. மயிலாப்பூர் மாடவீதிப் பக்கத்துப் பழைய வீடுகளைச் சொல்லவே வேண்டாம். அந்த வயசுக் கதவுல எத்தனை அடுக்கு எனாமல் இருக்கும்னு யோசிங்க. நான் அடையாறுல இருக்கிற பழைய ஃபிளாட்ல ஜன்னல் சட்டத்துல ஒரு சில்லு பெயர்ந்தது, அதுல எண்ணிப் பார்த்தேன்: மேல பிரவுன், அடியில கிரீம், அதுக்கும் அடியில ரெண்டு விதமான பச்சை. எனாமல் சீக்கிரம் காயறதுக்கும், பளிச்சுன்னு மஞ்சள், ஆரஞ்சு, பச்சை வர்றதுக்கும் அந்தக் காலத்துல ஈயச் சேர்மங்களைப் போடுவாங்க. என் ஜன்னல்ல இருக்கான்னு லேப்ல சோதிக்காம சொல்ல முடியாது. அதனால 2017-க்கு முன்னாடி அடிச்சது எதுவா இருந்தாலும் ஈயம் இருக்குன்னே வெச்சுக்கிட்டு வேலை செய்யணும். என்னோட விதி இதுதான்.

சுவத்துல, கதவுல ஒட்டிக்கிட்டு இருக்கிற வரைக்கும் பெரிய பிரச்சினை இல்லை. உப்புத்தாள் போட்டு வறட்டுத் தேய்ப்பு தேய்க்கும்போதுதான் மாவு மாதிரி தூசு பறக்கும். தரையில படியும், குழந்தை கையில ஒட்டும், கை வாய்க்குப் போகும். குழந்தைகளோட மூளை வளர்ச்சியை ஈயம் பாதிக்குது. பாதுகாப்பான அளவுன்னு எதுவும் தெரியவரலைன்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது. நம்ம வீட்டுல ரெண்டு நாள் தேய்க்கிற பெயின்டர் அண்ணன், அடுத்த வாரம் இன்னொரு வீட்டுல தேய்ப்பார். மூக்குல ஒரு கர்ச்சீப் கட்டியிருப்பார், அது எதையும் தடுக்காது. குறைஞ்சது ஒரு என்95 மாஸ்க்காவது நீங்க வாங்கிக் கொடுங்க.

சரி, என்ன செய்யலாம்? முதல்ல, பழைய பெயின்ட் கெட்டியா ஒட்டியிருந்தா அதைச் சுரண்டி எடுக்கவே வேண்டாம். பளபளப்பு போற அளவுக்குத் தேய்ச்சா போதும், அதையும் ஈரமா. கடையில வாட்டர் பேப்பர்னு கேளுங்க, தண்ணி தொட்டுத் தேய்க்கிற உப்புத்தாள். தூசு பறக்காது, சேறு மாதிரி வழியும், ஈரத்துணியால துடைச்சு எடுத்துடலாம். ஃபேன் ஓடக் கூடாது. துடைப்பம் போட்டுப் பெருக்கவும் கூடாது. தரையில பிளாஸ்டிக் ஷீட் விரிங்க, வேலை முடிஞ்சதும் அப்படியே சுருட்டிக் கட்டிடலாம். குழந்தையை ரெண்டு நாள் பாட்டி வீட்டுக்கு அனுப்பிடுங்க. நெருப்பு காட்டி உரிக்கிறேன்னு யாராவது சொன்னா, கண்டிப்பா வேண்டாம். சூட்டுல ஈயம் புகையாவே வரும்.

"தண்ணி போட்டுத் தேய்ச்சா ஒரு நாள் கூட ஆகும்ங்க" அப்படின்னு பெயின்டர் சொல்வார். அவர் சொல்றது நியாயம்தான். அந்த ஒரு நாள் கூலியை நாமதான் கொடுக்கணும். ரேட் பேசும்போதே இதைச் சேர்த்துப் பேசிடுங்க, நடுவுல சொன்னா சண்டைதான் வரும்.

தேய்க்கிறதுக்கும் முன்னாடி ஒரு வேலை இருக்கு: கழுவுறது. நம்ம வீட்டு நிலைக்கதவுல வாராவாரம் மஞ்சள், குங்குமம், எண்ணெய்க் கை. பூஜை ரூம் கதவுல விளக்குப் புகை. அந்தப் பிசுக்கோட தேய்ச்சா எண்ணெய் மரத்துக்குள்ளதான் போகும், அதுக்கு மேல எந்த பெயின்ட்டும் நிக்காது. சோப்புத் தண்ணியில துடைச்சு, நல்லாக் காய விடுங்க. வெறும் மரம் தெரியற இடம் தேக்குன்னா இன்னும் ஒரு படி உண்டு. தேக்குல இயல்பாவே எண்ணெய்ப் பசை இருக்கிறதால, துணியில தின்னர் தொட்டுத் துடைச்சுட்டு, அது ஆறினதும் அன்னைக்கே பிரைமர் அடிச்சுடணும்.

அடுத்தது வரிசை. நிறைய பேர் வெறும் மரத்து மேலயே பட்டி பார்த்துடறாங்க. மரம் பட்டியில இருக்கிற எண்ணெயை உறிஞ்சிடும், ஆறு மாசத்துல பட்டி பொருக்குப் பொருக்கா விழும். முதல்ல மரத்துக்கான பிரைமர், அது காய்ஞ்சதும் பட்டி, லேசாத் தேய்ப்பு, மறுபடி ஒரு கோட் பிரைமர். அதுதான் ஒழுங்கு. இன்னொண்ணு, சுவத்துக்குப் போட்டு மீந்த சிமென்ட் பட்டியைக் கதவு ஓட்டையில அடைக்கிற பழக்கம் இருக்கு. மரம் மழையில உப்பும், வெயில்ல சுருங்கும். சிமென்ட் அதோட சேர்ந்து அசையாது, வெடிச்சுடும்.

பிரைமர் ஏன் பிங்க் கலர்ல வருதுன்னு யோசிச்சிருக்கீங்களா? அந்தக் காலத்துல ஈய வெள்ளையோட சிவப்பு ஈயத்தையும் கலந்து மரத்துக்கு அடிகோட் போடுவாங்க, அதனால வந்த நிறம். இப்போ வெறும் நிறமி. ஆனாலும் டப்பாவுல ஈயம் பத்தி என்ன எழுதியிருக்குன்னு படிச்சுட்டு வாங்குங்க.

எப்போ அடிக்கிறதுன்னு பார்த்தா, நாம எல்லாரும் தீபாவளிக்கு அடிக்கிறோம். சென்னையில வடகிழக்குப் பருவமழை ஆரம்பிக்கிற நேரம் அது! ஈரம் குடிச்ச மரத்து மேல பிரைமர் போட்டா கொப்புளம் வரும். பெசன்ட் நகர் மாதிரி கடலோரம்னா இன்னும் மோசம். பொங்கல் முடிஞ்சு, மாசி பங்குனியில வெச்சுக்கிட்டா மரமும் காய்ஞ்சிருக்கும், பெயின்டரும் கிடைப்பார்.

கடைசியா, கதவோட மேல் விளிம்பும் கீழ் விளிம்பும். கண்ணுக்குத் தெரியாத இடம்கிறதால யாரும் பிரைமர் அடிக்கிறதே இல்லை. மரம் தண்ணியை அதிகமா உறிஞ்சறது வெட்டுவாய் வழியாத்தான். கார்த்திகை மழையில பாத்ரூம் கதவு சாத்த மாட்டேங்குதுன்னு ஆசாரியைக் கூப்பிட்டு இழைக்கிறோமே, அதுக்குப் பாதிக் காரணம் இது. கீல்ல இருந்து கதவைக் கழட்டி, ரெண்டு ஸ்டூல் மேல படுக்க வெச்சு, அந்த ரெண்டு விளிம்புக்கும் ரெண்டு கோட் பிரைமர் அடிக்கச் சொல்லுங்க. இழைச்ச இடமா இருந்தா கட்டாயம். அடுத்த வாரம் இரும்பு கிரில் பத்திப் பேசலாம்.