எலும்பும் தீக்குச்சியும்

(முன்னாள் மாணவர் சந்திப்பு நாளில், இந்நாள் மாணவ மாணவியரிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"எதைப் பத்தி வேணும்னாலும் பேசுங்க, பசங்களுக்கு உபயோகமா இருந்தாப் போதும்" என்று செயலாளர் அண்ணன் சொன்னார். நான் மெக்கானிக்கல் படித்தவன். தீப்பெட்டி இயந்திரங்களை அமைப்பதும் பழுது பார்ப்பதும் என் பிழைப்பு. ஆனால் இன்றைக்கு நான் பேசப்போவது எலும்பைப் பற்றி. "தீப்பெட்டி ஆபீஸ்ல வேலை பாக்கிறவன் உடற்கூறு பாடம் எடுக்கிறானே" என்று சிரிக்காதீங்க. கோவில்பட்டிக்காரர்கள் எலும்பைப் பற்றித் தெரிந்துகொள்ளக் காரணம் இருக்கிறது. அது தீக்குச்சியின் தலையில் இருக்கிறது.

முதலில் பாடம். வளர்ந்த மனிதனுக்கு 206 எலும்புகள். ஆய்வுக்கூடத்தில் தொங்குகிற எலும்புக்கூட்டைப் பார்த்துப் பார்த்து, எலும்பு என்றால் காய்ந்த கட்டை என்றே நாம் நினைத்துவிடுகிறோம். உண்மையில் அது நம்ம கான்கிரீட் மாதிரி இரண்டு பொருள் சேர்ந்த கலவை. கம்பிக்குப் பதில் கொலாஜன் என்ற புரத நார். சிமெண்ட், ஜல்லிக்குப் பதில் கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த தாது. வீட்டிலேயே சோதித்துப் பாருங்க. ஒரு கோழிக்கால் எலும்பை வினிகரில் சில நாள் ஊறப்போட்டால் தாது கரைந்துபோய், எலும்பு ரப்பர் மாதிரி வளையும். இன்னொன்றை அடுப்பில் நன்றாகச் சுட்டால் நார் எரிந்துபோய், அழுத்தினால் நொறுங்கும். இரண்டும் சேர்ந்திருந்தால்தான் பலம்.

ஆனால் கான்கிரீட்டுக்கு இல்லாத ஒன்று எலும்புக்கு உண்டு. கரிசலில் வீடு கட்டினவர்களுக்குத் தெரியும். மழை பெய்தால் மண் உப்பும், கோடையில் கை நுழைகிற அளவுக்குப் பிளக்கும், சுவரில் விரிசல் விழும். அந்த விரிசலைச் சுவர் தானாக அடைத்துக்கொள்ளாது, கொத்தனாரைத்தான் கூப்பிட வேண்டும். எலும்பிலும் நடக்கும்போதும் சுமை தூக்கும்போதும் கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் விழுகின்றன. அங்கே கொத்தனார் உள்ளேயே குடியிருக்கிறார்.

எலும்புக்குள் மூன்று வகை செல்களை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். முதலாவது இடிக்கிற செல், பெயர் ஆஸ்டியோகிளாஸ்ட். சாதாரண செல்லுக்கு ஒரு உட்கரு என்று படித்திருப்பீர்கள். இதற்குப் பல உட்கருக்கள். எலும்பின் மேல் ஒட்டி உட்கார்ந்து, அமிலத்தைச் சுரந்து தாதுவைக் கரைக்கும், நொதியைச் சுரந்து நாரை அறுக்கும். இரண்டாவது கட்டுகிற செல், ஆஸ்டியோபிளாஸ்ட். பழையது அகற்றப்பட்ட குழியில் புது நார் போட்டு, அதன்மேல் தாது படிய வைக்கும். மூன்றாவது மேஸ்திரி, ஆஸ்டியோசைட். எலும்புக்குள்ளேயே புதைந்திருந்து, எங்கே பாரம் விழுகிறது, எங்கே விரிசல் என்று உணர்ந்து சேதி சொல்லும். ஓர் இடத்தை இடிக்க இரண்டு மூன்று வாரம், திரும்பக் கட்ட மூன்று நான்கு மாதம். இப்படி வருடத்துக்குச் சுமார் 10 சதவீத எலும்பு புதிதாகிறது.

இடிப்பது அதிகமானால் எலும்பு தேயும். அது எல்லோருக்கும் தெரியும். இடிப்பதே நின்றுபோனால் என்ன ஆகும்? நல்லதுதானே என்று தோன்றும். இல்லை. பழுதான எலும்பு அகற்றப்படாமல் அங்கேயே கிடக்கும், புண் ஆறாது. இதை மனதில் வையுங்கள். இனி தீக்குச்சிக்கு வருகிறேன்.

பாஸ்பரஸ் 1669-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் சிறுநீரிலிருந்து முதலில் பிரித்தெடுக்கப்பட்டது. பிறகு எலும்புச் சாம்பலிலிருந்து எடுக்கும் முறை வந்தது. 1830-களில் ஐரோப்பாவில் தீக்குச்சித் தலையில் வெள்ளை பாஸ்பரஸ் சேர்த்தார்கள். எங்கே உரசினாலும் பற்றும், விலையும் குறைவு. அதன் ஆவியைச் சுவாசித்த தொழிலாளர்களுக்குச் சில வருடங்களில் பல்வலி வரும். பல்லைப் பிடுங்கினால் பள்ளம் ஆறாது. ஈறு வீங்கிச் சீழ் வடியும், தாடை எலும்பு செத்துத் துண்டு துண்டாக வெளியே வரும். தாடையையே அறுத்து எடுக்க வேண்டிய நிலையும் வந்தது. வியன்னா மருத்துவர் லோரின்சர் 1845-இல் இதை விவரித்து எழுதினார். எலும்பிலிருந்து எடுத்த பாஸ்பரஸ் எலும்பையே அழித்தது.

கவனியுங்க. அதே 1840-களில் ஆபத்துக் குறைந்த சிவப்பு பாஸ்பரஸ் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. 1855-இல் ஸ்வீடனில் அதைப் பெட்டியின் பக்கவாட்டில் பூசிப் பாதுகாப்புத் தீப்பெட்டியும் செய்துவிட்டார்கள். இன்று நம் ஊரில் செய்வதும் அதே முறைதான். குச்சியில் பொட்டாசியம் குளோரேட், பெட்டியில் சிவப்பு பாஸ்பரஸ், உரசும்போதுதான் இரண்டும் சேரும். ஆனாலும் மலிவு என்பதற்காக வெள்ளை பாஸ்பரஸை ஐம்பது வருடம் விடவில்லை. 1888-இல் லண்டனில் பிரையன்ட் அண்ட் மே தீப்பெட்டித் தொழிற்சாலையில் சுமார் 1,400 பெண்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களுக்காகப் பேனா பிடித்தவர் அன்னி பெசன்ட், பின்னாளில் நம் அடையாறுக்கு வந்தாரே, அதே அம்மையார்தான். கூலி, அபராதம் பற்றிய கோரிக்கைகளோடு, மருந்து படாமல் உட்கார்ந்து சாப்பிடத் தனி இடம் வேண்டும் என்றும் அந்தப் பெண்கள் கேட்டார்கள்.

1906-இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் வெள்ளை பாஸ்பரஸ் தீக்குச்சியைத் தடை செய்யும் சர்வதேச ஒப்பந்தம் ஏற்பட்டது. லோரின்சர் எழுதி 61 வருடம்! இந்தியாவில் தடைச் சட்டம் 1913-இல் வந்தது. சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கற்றது 1922-இல், திரும்பி வந்து தொடங்கியது 1923-இல். அங்கிருந்துதான் சாத்தூர், கோவில்பட்டி என்று இந்தக் கரிசல் சீமை முழுக்கத் தீப்பெட்டித் தொழில் பரவியது. பத்து வருடம் முந்தி வந்த ஒரு சட்டம், நம் பாட்டிமார், அம்மாமார் தாடைகளைக் காப்பாற்றியது. மானாவாரி பொய்த்த வருடங்களில் குச்சி அடுக்கியும் பெட்டி ஒட்டியும் நம்மைப் படிக்க வைத்தவர்கள் அவர்கள்தானே.

கதை இன்னும் முடியவில்லை. எலும்புத் தேய்மானத்துக்கு பிஸ்பாஸ்போனேட் என்ற மருந்து வகை கொடுக்கிறார்கள். இடிக்கிற செல்லை அது அடக்குகிறது. நல்ல மருந்து, எலும்பு முறிவைக் குறைக்கிறது. ஆனால் 2003-இல், இதை எடுத்துக்கொண்ட சிலருக்கு, குறிப்பாகப் புற்றுநோய்க்காக அதிக அளவில் ஊசியாகப் போட்டுக்கொண்டவர்களுக்கு, தாடை எலும்பு சாவதாக மருத்துவ இதழில் செய்தி வந்தது. பழைய தீப்பெட்டி நோயின் அதே அடையாளங்கள்! வெள்ளை பாஸ்பரஸ் உடம்புக்குள் இதே மாதிரிப் பொருளாக மாறியிருக்கலாம் என்று சில ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஏன் தாடை மட்டும்? பல் குழியைச் சுற்றிய எலும்பு வேகமாகப் புதுப்பிக்கப்படுவது. மேலே மூடியிருக்கும் சதை மெல்லியது. வாயிலோ கிருமிகள் ஏராளம். சொத்தைப் பல் ஒன்று இருந்தால் வாசல் திறந்த மாதிரி.

ஆகவே வீட்டில் அம்மாவோ ஆச்சியோ அந்த மருந்து எடுத்துக்கொண்டால், பல் பிடுங்கப் போகும்போது பல் டாக்டரிடம் கட்டாயம் சொல்லச் சொல்லுங்கள். தேய்மானத்துக்குச் சாப்பிடுகிறவர்களுக்கு இந்தப் பாதிப்பு அபூர்வம். பயந்துபோய்த் தானாக மருந்தை நிறுத்த வேண்டாம்.

தம்பி தங்கைகளே, நாளைக்கு நீங்கள் ஏதோ ஒரு தொழிற்சாலையில் எந்தப் பசை, எந்தப் பவுடர், எந்தக் கரைப்பான் வாங்குவது என்று கையெழுத்துப் போடப்போகிறவர்கள். விலை என்ன, வேகம் என்ன என்று கேட்பீர்கள். மூன்றாவதாக ஒன்றும் கேளுங்கள்: இது வேலை செய்கிறவர் உடம்புக்குள் எந்த வழியாகப் போகும், போய் எந்த செல்லைத் தொடும்? நான் இயந்திரம் மாட்டப் போகும் இடத்தில் முதலில் பார்ப்பது இரண்டு: சாப்பிடுகிற இடம் எங்கே இருக்கிறது, கை கழுவுகிற குழாயில் தண்ணீர் வருகிறதா. 1888-இல் அந்தப் பெண்கள் கேட்டதும் இதைத்தான்.