இறக்கம் இல்லாத ஊரில் நின்றுபோன லொறி

(லொறி, டிராக்டர் சாரதிகளும் தொழிற்சாலைத் தொழிலாளர்களும் குடும்பங்களுடன் கலந்துகொண்ட கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்றைக்குச் சம்பளத்தைப் பற்றிப் பேசப் போவதில்லை. ஒரு ஸ்டார்ட்டர் மோட்டரைப் பற்றிப் பேசப் போகிறோம். "இதற்கு ஒரு கூட்டமா?" என்று கேட்காதீர்கள். கடைசி வரை கேட்டால், இது நம் உயிரோடு சம்பந்தப்பட்ட விஷயம் என்று உங்களுக்கே விளங்கும்.

2023ஆம் ஆண்டு, நம் மக்கள் இந்த நாட்டுக்கு வந்து 200 ஆண்டு ஆனதை நினைத்து, ஜூலை 28இல் தலைமன்னாரில் தொடங்கி ஆகஸ்ட் 12இல் மாத்தளையில் முடிந்த நடைபயணம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். லீவு கிடைக்காமல் அதில் போக முடியாதவர்கள் நம்மில் பலர். "நடக்கத்தான் முடியவில்லை, நம் ஆட்கள் வந்து இறங்கிய இடத்தையாவது ஒருமுறை பார்த்துவிடுவோம்" என்று பிறகு ஒருநாள் குடும்பங்களாகக் காசு சேர்த்து, தோட்டத்தில் கொழுந்து ஏற்றும் பழைய லொறி ஒன்றை வாடகைக்குப் பேசிப் புறப்பட்டோம். சாமான் ஏற்றும் லொறியில் ஆட்களை ஏற்றியது எங்கள் பிழை. அதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறோம். மடுவத்துக்கும் மலைக்கும் லொறியில் ஏறி ஏறிப் பழகியதால், அது பிழையென்றே எங்களுக்குத் தோன்றவில்லை.

பாலத்தைத் தாண்டி மன்னார் தீவுக்குள் போனோம். கழுதைகள் ரோட்டோரம் நின்றன. பேசாலையைத் தாண்டி, தலைமன்னார் இறங்குதுறை வரை போனோம். 1914இல் தனுஷ்கோடிக்கும் இந்தத் துறைக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியது. அதற்கு முன் வந்தவர்களில் பலர் தோணியில் வந்து இறங்கி, காட்டு வழியாக மாத்தளை வரை நடந்தார்கள். 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு நம் சொந்தபந்தங்கள் கப்பல் ஏறிப் போனதும் இதே துறையிலிருந்துதான். எங்களோடு வந்த ஒரு அம்மாயி, தன் அக்காவை இங்கேதான் வழியனுப்பியதாகச் சொல்லிக் கடலைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றார்.

திரும்பிப் புறப்படும்போது சாரதி தம்பி சாவியைத் திருப்பினார். "டிக்" என்று ஒரே ஒரு சத்தம். எஞ்சின் அசையவில்லை. மறுபடி திருப்பினார். மறுபடியும் "டிக்".

அப்போதுதான் தம்பி உண்மையைச் சொன்னார். அந்த லொறிக்கு நான்கைந்து மாதமாகவே ஸ்டார்ட்டர் சரியில்லை. மூன்று தடவை புத்தகத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறார். கிடைத்த பதில்: "இறக்கத்தில் நிறுத்து. உருட்டி எடு." மலையில் எங்கே நிறுத்தினாலும் ஒரு இறக்கம் இருக்கும். கிளட்சை மிதித்து, கியரைப் போட்டு, உருளவிட்டு, கிளட்சை விட்டால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். வழியிலும் எஞ்சினை நிறுத்தாமலே ஓட்டி வந்திருக்கிறார். தலைமன்னாரில் இறக்கத்துக்கு எங்கே போவது? கண்ணுக்கு எட்டிய தூரம் வரை ஒரே மட்டம். மலை மறைத்து வைத்திருந்த பழுதை மன்னார் காட்டிக்கொடுத்துவிட்டது.

"தள்ளுவோம்" என்றார்கள். தள்ளினோம். மணல் பூத்த ரோட்டில் டயர் சறுக்கியது, லொறி வேகம் எடுக்கவில்லை. அப்போது எங்களில் ஒருவர், "ஸ்க்ரூ ட்ரைவரை வைத்து நேரடியாகக் கொடுப்போம்" என்று லொறிக்குக் கீழே புகுந்தார். ஸ்டார்ட்டரின் பெரிய வயர் பூட்டும் இடத்தையும், சாவியிலிருந்து வரும் சின்ன வயரின் இடத்தையும் இரும்பால் தொடுவது. நீங்களும் செய்திருப்பீர்கள். ஹேண்ட் பிரேக் பிடிக்காததால் லொறி கியரில் நின்றது. அதை யாரும் யோசிக்கவில்லை. தொட்டதும் தீப்பொறி பறந்தது, லொறி முன்னால் ஒரு முழம் பாய்ந்தது. முன் பம்பரின் நிழலில் ஒரு அக்கா பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார். எஞ்சின் பிடிக்காததால் லொறி அத்தோடு நின்றது. பிடித்திருந்தால் இன்று இந்தக் கூட்டம் வேறு மாதிரி நடந்திருக்கும்.

தோழர்களே, ஸ்டார்ட்டரைச் சுற்றி மூன்று ஆபத்து இருக்கிறது. ஒன்று, தள்ளுவது. கால் வழுக்கினால் டயருக்குக் கீழேதான் விழ வேண்டும். இரண்டாவது, ஸ்க்ரூ ட்ரைவர் வேலை. மூன்றாவது, இறக்கத்தில் உருட்டுவது. எஞ்சின் ஓடாத லொறியில் பிரேக்குக்குக் கிடைக்கும் துணைச் சக்தி ஒன்றிரண்டு மிதியோடு தீர்ந்துவிடும். அதன் பிறகு மிதி கல்லாக இறுகும். பவர் ஸ்டியரிங் இருந்தால் அதுவும் கனக்கும். உருட்டும்போது எஞ்சின் பிடிக்காமல் போனால், கொண்டை ஊசி வளைவில் அந்த லொறியை யார் நிறுத்துவது?

பழைய காலத்தில் மோட்டார் வண்டிகளை முன்னால் நின்று கைப்பிடியைச் சுற்றித்தான் கிளப்பினார்கள். எஞ்சின் எதிர்த்து உதைத்தால் கை முறியும். 1911இல் அமெரிக்காவில் சார்ல்ஸ் கெட்டரிங் என்பவர் மின்சார ஸ்டார்ட்டரைச் செய்து காட்டினார். 1912 கெடிலாக் கார்களில் அது பூட்டப்பட்டது. மனிதன் தன் உடம்பைக் கொடுத்துச் செய்த வேலையை மோட்டர் ஏற்றுக்கொண்டது. ஆகவே ஸ்டார்ட்டரைச் செய்து தராமல் "தள்ளு" என்று சொல்வது, நூறு வருடத்துக்கு முந்திய ஆபத்தை நம் உடம்பில் திரும்ப ஏற்றுவதுதான்.

இனி அந்த லொறி எப்படிச் சரியானது என்று சொல்கிறோம். பக்கத்து ஆட்கள் ஒரு மெக்கானிக் அண்ணனைக் கூட்டி வந்தார்கள். பேச்சுக் கொடுத்தபோது தெரிந்தது, அவருடைய அப்பாவும் மலையில் பிறந்தவர். 1977 கலவரத்துக்குப் பிறகு முருங்கன் பக்கம் வந்து குடியேறிய குடும்பம். மேலே கிடந்த ஸ்க்ரூ ட்ரைவரைப் பார்த்ததுமே அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. முதலில் பிள்ளைகள் எல்லோரையும் தூர அனுப்பினார். நாலு டயருக்கும் கல் வைத்தார். கியரை நியூட்ரலுக்கு எடுத்தார். சாவியைக் கழற்றித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகுதான் ஸ்பனரைத் தொட்டார்.

உடனே ஸ்டார்ட்டரைக் கழற்றவும் இல்லை. ஹெட் லைட்டைப் போட்டு, சாவியைத் திருப்பச் சொன்னார். "டிக்" சத்தத்தோடு லைட் மங்கிப்போனால் முதலில் சந்தேகப்பட வேண்டியது பற்றரியையும் அதன் முனைகளையும். லைட் பிரகாசமாக இருந்து "டிக்" மட்டும் கேட்டால் பெரும்பாலும் கோளாறு ஸ்டார்ட்டரில். மோட்டர் மட்டும் விர்ரென்று சுற்றி எஞ்சின் சுற்றாவிட்டால், பல்சக்கரம் போய்ப் பிடிக்கவில்லை. எங்கள் லைட் மங்கவில்லை. பற்றரி முனைகளையும், சேஸிஸில் பூட்டிய எர்த் வயரையும் சுரண்டித் துடைத்தும் பார்த்தார். கடற்கரை ஊரில் உப்புக் காற்றால் அங்கேதான் முதலில் கறள் பிடிக்கும் என்றார். அதன் பிறகும் "டிக்"தான்.

பிறகு பற்றரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றினார். இதை எல்லாத் தம்பிமாரும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: கழற்றும்போது நெகட்டிவ் முதலில், பூட்டும்போது நெகட்டிவ் கடைசியில். லொறியின் உடம்பு முழுவதும் நெகட்டிவ். நெகட்டிவ் பூட்டியிருக்கும்போது பொசிட்டிவ்வில் ஸ்பனர் வைத்து, அது உடம்பில் தட்டினால், ஸ்பனர் சிவக்கச் சுட்டுவிடும், பற்றரி வெடிக்கவும் கூடும். எங்கள் லொறி 24 வோல்ட். இரண்டு 12 வோல்ட் பற்றரிகள் ஒன்றின் பின் ஒன்றாக இணைத்தவை. அதில் சேஸிஸுக்குப் போகும் நெகட்டிவ்வைத்தான் கழற்ற வேண்டும். கையில் மோதிரமும் மணிக்கூடும் இருக்கக் கூடாது.

வயர்களைக் கழற்றும் முன் எது எங்கே இருந்தது என்று துணி கட்டி அடையாளம் வைத்தார். போல்ட்டைக் கழற்றும்போது ஒருவரைக் கீழே நின்று மோட்டரைத் தாங்கச் சொன்னார். கனமான இரும்பு, கடைசி போல்ட் விட்டதும் முகத்தில் விழும். கழற்றிய பிறகு அந்த ஓட்டை வழியாக எஞ்சினின் பெரிய பல்சக்கரத்தை டார்ச் அடித்துப் பார்த்தார். அதில் பல் தேய்ந்திருந்தால் புதிய ஸ்டார்ட்டரும் சீக்கிரம் கெட்டுவிடும்.

பழையதை அங்கேயே பிரித்துக் காட்டினார். உள்ளே கார்பன் பிரஷ் அடிவரை தேய்ந்திருந்தது, செம்புத் தொடுமுனை எரிந்து கறுத்திருந்தது. "இது இன்றைக்குக் கெட்டதில்லை, பல மாதமாகச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது" என்றார்.

மன்னார் நகரத்திலிருந்து புதுப்பித்த மோட்டர் ஒன்று வந்தது. அவர் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்: வோல்ட் ஒன்றா, பல் எண்ணிக்கை ஒன்றா, போல்ட் ஓட்டைகள் பொருந்துமா, சுற்றும் திசை ஒன்றா. பூட்டும் முகத்தை அரத்தாள் கொண்டு பளிச்சென்று தேய்த்தார். மோட்டருக்கு நெகட்டிவ் கிடைப்பதே அந்த முகத்தின் வழியாகத்தான். போல்ட்களை மாறி மாறி, சமமாக இறுக்கினார். பெரிய வயரின் நட்டை இறுக்கும்போது உள் நட்டை இன்னொரு ஸ்பனரால் பிடித்துக்கொண்டார். இல்லையென்றால் செம்புக் கம்பி முறுகி, புதிய மோட்டரே பழுதாகிவிடும். கடைசியில் நெகட்டிவ்வைப் பூட்டி, சாவியைத் தம்பியிடம் கொடுத்தார். "பத்து செக்கனுக்கு மேல் திருப்பாதே. பிடிக்காவிட்டால் ஒன்றிரண்டு நிமிடம் ஆறவிடு."

ஒரே திருப்பில் எஞ்சின் பிடித்தது. பிள்ளைகள் கை தட்டினார்கள்.

காசை எல்லோரும் சேர்ந்து போட்டுக் கொடுத்தோம். அவர் கூலியைக் குறைத்துத்தான் வாங்கினார். புறப்படும்போது ஒன்று கேட்டார்: "எங்கள் ஊரில் இறக்கம் இல்லை. ஸ்டார்ட்டர் கெட்டால் அன்றைக்கே செய்தாக வேண்டும். உங்களுக்கு இறக்கம் இருப்பதால் ஆளைச் சாகக் கொடுத்தாலும் பரவாயில்லையா?" யாருக்கும் பதில் வரவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் இந்தக் கூட்டம்.

தோழர்களே, நாம் இறக்கத்துக்குப் பழகியவர்கள். லயத்துக் கூரை ஒழுகினால் சட்டியை வைத்துக்கொள்கிறோம். பாதை உடைந்தால் சுற்றிப் போகிறோம். எப்படியோ சமாளித்துவிடுகிறோம், அதனால் பழுது யாருடைய கண்ணுக்கும் தெரிவதில்லை. சமாளிப்பது நம் திறமைதான். ஆனால் அந்தத் திறமையே நிர்வாகத்துக்குச் சாக்காகப் போய்விடக் கூடாது.

ஆகவே நான்கு விஷயங்களை முன்வைக்கிறோம். முதலாவது, எந்தச் சாரதியும் லொறிப் பழுதை வாயால் சொல்லி விடாமல் எழுதிக் கொடுக்க வேண்டும். திகதி போட்டு, ஒரு பிரதியைத் தலைவரிடம் கொடுங்கள். இரண்டாவது, ஸ்டார்ட்டர் வேலை செய்யாத லொறியில் ஒரு ஆளையும் ஏற்றக் கூடாது, அதை இறக்கத்தில் உருட்டி எடுக்கவும் கூடாது. மறுக்கும் சாரதிக்குப் பின்னால் சங்கம் நிற்கும். மூன்றாவது, பிரட்டுக்கு வந்த பெண்களையும் பையன்களையும் லொறி தள்ளக் கூப்பிட்டால், "அது எங்கள் வேலை இல்லை" என்று சொல்லுங்கள். நான்காவது, வேலை நேரத்தில், வேலையின் காரணமாகக் காயம் பட்டால் மறைக்காதீர்கள். 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் நமக்கும் உரியது. அன்றைக்கே ஆஸ்பத்திரியில் பதிந்து, அன்றைக்கே சங்கத்துக்குச் சொல்லுங்கள்.

தலைமன்னாரில் இறங்கி நடந்தவர்களுக்கு வாகனமும் இல்லை, சங்கமும் இல்லை. வழியில் விழுந்தவரை விட்டுவிட்டுத்தான் மற்றவர்கள் நடக்க வேண்டியிருந்தது. நமக்குச் சங்கம் இருக்கிறது. பம்பரின் நிழலில் சோறு ஊட்டிய அந்த அக்காவும் அந்தப் பிள்ளையும் இதோ, இந்தக் கூட்டத்தில் மூன்றாவது வரிசையில் இருக்கிறார்கள். நாளைக் காலை சாவியைத் திருப்பும் ஒவ்வொரு தம்பியும் லொறிக்கு முன்னால் ஒருமுறை பார்த்துவிட்டுத் திருப்புங்கள்.