பார்வையாளர் வளர்த்த ஆட்டம்



இந்தக் கல்லூரிச் சொற்பொழிவின் பொருளை அழைப்பிதழில் பார்த்ததும் சிலர் முகம் சுளித்திருக்கலாம். பிள்ளைகள் வீடியோ கேம் ஆடுவதையே பொறுத்துக்கொள்ளாத வீடுகள் நம்முடையவை. தானும் ஆடாமல், வேறு யாரோ ஆடுவதை மணிக்கணக்கில் செல்போனில் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் கேட்கவே வேண்டாம். ‘அடுத்தவன் சாப்பிட்டால் உன் வயிறு நிறையுமா?’ என்கிறோம். நியாயமான கேள்விதான். அதற்கு நேராகப் பதில் சொல்ல முயல்கிறேன். வயிறு நிறைகிறதோ இல்லையோ, பார்த்தவர்களால்தான் சமையலே முன்னேறியது என்பது என் வாதம்.

ஒரே ஓர் ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். டெட்ரிஸை உங்களில் பலர் ஆடியிருப்பீர்கள். 1984-இல் மாஸ்கோவில் அலெக்சி பஜித்னொவ் உருவாக்கியது. மேலிருந்து விழும் துண்டுகளை இடைவெளி இல்லாமல் அடுக்க வேண்டும். ஒரு வரிசை நிரம்பினால் அது மறையும். நிண்டெண்டோ நிறுவனம் 1989-இல் தன் வீட்டு விளையாட்டுக் கருவிக்காக வெளியிட்ட பதிப்பைப் பற்றித்தான் பேசப்போகிறேன். அந்தக் கார்ட்ரிட்ஜுக்குள் இருக்கும் நிரல் இன்றும் அன்றுபோலவே இருக்கிறது. ஆடுபவர்களின் திறன் மட்டும் நம்ப முடியாத அளவுக்கு வளர்ந்திருக்கிறது.

அந்தப் பதிப்பில் 29-ஆம் நிலைதான் முடிவு என்று நீண்ட காலம் எல்லோரும் நம்பினார்கள். காரணம் எளிய கணக்கு. அந்த நிலையில் துண்டு நொடிக்கு 60 கட்டம் விழுகிறது. பலகையின் உயரம் 20 கட்டம். அதாவது உச்சியிலிருந்து அடிக்கு வர ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்கு போதும். திசைப் பொத்தானை அழுத்திப் பிடித்தாலோ, துண்டு பக்கவாட்டில் நொடிக்கு 10 கட்டம்தான் நகரும். நடுவிலிருந்து ஓரத்துக்குப் போக அரை நொடி ஆகும். அதற்குள் துண்டு தரையில் கிடக்கும். ஆட்டக்காரர்கள் இதைக் ‘கில் ஸ்க்ரீன்’ என்றார்கள். 

இதைத் தாண்ட ஒரு வழி அப்போதே இருந்தது. 1990-இல் நிண்டெண்டோ நடத்திய உலகப் போட்டியில் வென்ற தோர் ஆக்கர்லண்ட் என்ற சிறுவன், பொத்தானை அழுத்திப் பிடிக்காமல், கட்டைவிரலை நடுங்கவிட்டு மிக வேகமாகத் தட்டி ஆடினான். பின்னாளில் இதற்கு ‘ஹைப்பர்டேப்பிங்’ என்று பெயர் வந்தது. ஆனால் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் அந்த வித்தை பெரிதாகப் பரவவில்லை. ஆடும் கையை அருகிலிருந்து பார்க்கும் வாய்ப்பு அன்று மற்றவர்களுக்கு இல்லை.

2010-இல் இந்தப் பழைய டெட்ரிஸுக்கென்று உலகப் போட்டி தொடங்கியது. முதல் எட்டு ஆண்டுகளில் ஏழு முறை வென்றவர் ஜோனஸ் நியூபாவர். 2016-இல் அவர் ஆடிய இறுதியாட்டத்தின் காணொளி யூடியூபில் காட்டுத்தீயாகப் பரவியது. வர்ணனையாளரின் குரலில் இருந்த உற்சாகத்துக்காகவே அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தவர்கள் உண்டு. அந்தக் கார்ட்ரிட்ஜ் வெளிவந்தபோது பிறந்தே இராத பிள்ளைகள் ஆட வந்தார்கள். 2018-இல் பதினாறு வயது ஜோசஃப் சேலி, ஹைப்பர்டேப்பிங் முறையில் ஆடி நியூபாவரை இறுதியாட்டத்தில் வீழ்த்தினான். 

அடுத்து வந்த முறையை நான் வியந்து வியந்து பார்த்திருக்கிறேன். கிறிஸ்டோபர் மார்ட்டினெஸ் 2020-இன் இறுதியில் கொண்டுவந்த ‘ரோலிங்’ அது. ஒரு கையின் கட்டைவிரல் பொத்தான்மேல் சும்மா படிந்திருக்கும், அது அழுத்துவதில்லை. மறு கையின் விரல்கள் கருவியின் முதுகுப்பக்கத்தை ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டுகின்றன. ஒவ்வொரு தட்டும் கருவியைக் கட்டைவிரலை நோக்கித் தள்ள, பொத்தான் அழுந்துகிறது. நொடிக்கு 20 தட்டுகள்வரை கிடைக்கும். கண்ணால் பார்க்காமல் இதைச் சொல்லி விளங்கவைப்பது கடினம். கையின்மேல் ஒரு கேமரா, திரையின் ஓரத்தில் முகம் என்று நேரலைகள் அமைந்திருப்பதால், சில மாதங்களிலேயே உலகெங்கும் பிள்ளைகள் கற்றுக்கொண்டார்கள்.

பார்வையாளர்களும் வெறும் கைதட்டலோடு நின்றுவிடவில்லை. சிலர் நிரலைப் பிரித்துப் படித்தார்கள். கணினியையே ஆடவிட்டுப் பார்த்தார்கள். 155-ஆம் நிலையிலிருந்து எந்தெந்த இடத்தில் எத்தனை வரிசை மறைந்தால் ஆட்டம் உறைந்து நின்றுவிடும் என்று பட்டியல் போட்டார்கள். 

2023 டிசம்பர் 21. அமெரிக்காவின் ஒக்லஹோமாவைச் சேர்ந்த வில்லிஸ் கிப்சன், வயது 13, யூடியூப் காணொளிகளைப் பார்த்து இந்த ஆட்டத்துக்கு வந்தவன், ஆடிக்கொண்டிருக்கிறான். ஆட்டம் தொடங்கி அரை மணி நேரத்துக்கு மேலாகிறது. 138-ஆம் நிலையைக் கடந்தால் நிறங்கள் தாறுமாறாகும். சில நிலைகளில் துண்டுகள் கறுப்புத் திரையோடு கலந்து கண்ணுக்கே தட்டுப்படாது. அவற்றையும் தாண்டுகிறான். 157-ஆம் நிலையில் ஒரு வரிசை மறைகிறது. திரை அப்படியே உறைகிறது; அவன் தோற்கவில்லை, ஆட்டமே நின்றுவிட்டது. தலையில் கைவைத்துக்கொள்கிறான், விரல்களை உணர முடியவில்லை என்கிறான். 34 ஆண்டுகளில் எந்த மனிதரும் எட்டாத இடம்.

டெட்ரிஸ் தெரியாதவருக்கு இது வண்ணச் சதுரங்களின் குழப்பம். ஒருமுறையாவது ஆடித் தோற்றவருக்கு அந்த வேகம் தன் விரலிலேயே தெரியும். தன்னால் முடியாத இடம் எது என்று துல்லியமாக அறிந்தவர், வேறொரு கை அதைக் கடப்பதைக் காண்கிறார். இன்பம் அங்கேதான் பிறக்கிறது. 

பிரிட்டிஷ் தொலைக்காட்சிச் செய்தி வாசிப்பாளர் ஒருவர் இந்தச் செய்தியைச் சொல்லிவிட்டு, வெளியே போய்க் காற்று வாங்கு, டெட்ரிஸை வெல்வது வாழ்க்கை இலட்சியமல்ல என்று அறிவுரை சொன்னார். அந்த டிசம்பரில்தான் அச்சிறுவன் தந்தையை இழந்திருந்தான். வெற்றியை அவருக்கே காணிக்கையாக்கினான். அந்த அறிவுரை எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது.

எல்லா நேரலையும் இத்தரத்தில் இல்லை. கூச்சலையே சரக்காக விற்கிறவர்கள் இருக்கிறார்கள். நேரலையில் தன் பெயர் ஒருமுறை வாசிக்கப்படுவதற்காகப் பள்ளிப் பிள்ளை பெற்றோர் கணக்கிலிருந்து பணம் அனுப்புவது கவலைக்குரியது. அதைப் பெற்றோர் கண்டிப்பதே சரி. 

நான் இங்கே முக்கியமாகச் சொல்ல விரும்புவது வேறு. 2011-இல் தொடங்கிய ட்விட்ச் என்ற விளையாட்டு நேரலைத் தளத்தை 2014-இல் அமேசான் சுமார் 97 கோடி டாலருக்கு வாங்கியது. பார்க்க வரும் கூட்டத்துக்குக் கொடுத்த விலை அது. அதே தளம் 2025-இல், ஒரு சேனல் நிரந்தரமாக வைத்திருக்கும் பதிவுகளுக்கு 100 மணி நேர வரம்பு விதித்தது. வரம்பை மீறினால், குறைவாகப் பார்க்கப்பட்டவை முதலில் அழியும். ஒரு புதிய முறையை யாரோ முதன்முதலாகத் தட்டுத்தடுமாறி முயன்ற இரவைப் பெரும்பாலும் பத்துப் பேர்தான் பார்த்திருப்பார்கள்; முதலில் போவது அதுதான். தமிழில் வர்ணனை செய்து ஆடும் நம் பிள்ளைகளின் பதிவுகளையும் இன்று யாரும் முறையாகச் சேர்த்து வைப்பதாகத் தெரியவில்லை. இந்தக் கல்லூரியின் காட்சித் தொடர்பியல் துறையும் கணினித் துறையும் கைகோத்து, ஆடியவர்களின் ஒப்புதலோடு, கையும் குரலும் சேர்ந்த முழு நேரலைகளைப் பிரதியெடுத்து நூலகத்தில் வைக்கத் தொடங்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இந்தக் கல்வியாண்டிலேயே தொடங்கலாம்.